பழைய ஸ்ப்ளெண்டர்: கொண்டை ஊசி வளைவில் அணையும் ஹெட்லைட், சூடேறும் டிம்-பிரைட் சுவிட்ச்

நாகலூர் வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பா 1998-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது. ஹெட்லைட் மட்டும் சில மாதங்களாகப் பாடாய்ப் படுத்துகிறது. வேலையாகச் சேலம் இறங்கினால் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் மலையேற முடிகிறது என்பதால், இதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

வெளிச்சம் முன்பிருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. பிரைட்டில் வைத்தால் டிம்மைவிடவும் மங்கலாகத் தெரிகிறது. சிறிது தூரம் அப்படியே ஓட்டினால் இடக்கைப் பக்கத்து சுவிட்ச் பெட்டி கைக்குச் சூடாக உறைக்கிறது. பிளாஸ்டிக் காய்ந்தது போன்ற வாடையும் வருகிறது. அடுத்தபடியாக, அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிட்டால், இடப்புறம் ஒடிக்க வேண்டிய வளைவுகள் சிலவற்றில் ஹெட்லைட் அடியோடு அணைந்து, வண்டி நேரானதும் தானாகவே எரிகிறது. இருபது வளைவுகளிலும் இப்படி ஆவதில்லை. ஆனால் எதில் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. போதாக்குறைக்கு பல்புகளும் அடிக்கடி பீஸ் போகின்றன. அவை பெரும்பாலும் மலை இறங்கும்போதுதான் போகின்றன என்பதைக் கவனித்திருக்கிறேன்.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். முதலில் பல்பையும் ஹோல்டரையும் மாற்றினார்கள், பிறகு ஆர்.ஆர். யூனிட்டை (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) மாற்றினார்கள். சுவிட்சை மீட்டரில் வைத்துப் பார்த்து, பீப் ஒலி வருகிறது, ஆகவே அது நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். இப்போது பேட்டரியை மாற்ற வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் முழு வயரிங் கிட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கூடவே 100 வாட் ஹாலஜன் பல்ப் போட்டால் வெளிச்சம் பற்றிய கவலையே இருக்காது என்றும் சொல்கிறார்கள். வண்டியில் இருப்பது கம்பெனியிலிருந்து வந்த அதே வயரிங். அதைக் கழற்றி எறியத் தயக்கமாக இருக்கிறது. இரவில் மலைப்பாதையில் காட்டெருமைகள் நிற்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வளைவின் நடுவில் விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை எலக்ட்ரீஷியன்:

தம்பி, வணக்கம். பேட்டரியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எஞ்சினுக்குள் இருக்கும் மேக்னெட் காயிலிலிருந்து மஞ்சள் கம்பி வழியாக ஏ.சி. மின்சாரம் வெளியே வருகிறது. அது அளவுமீறி ஏறிவிடாமல் ஆர்.ஆர். யூனிட் பிடித்து வைக்கிறது. அங்கிருந்து வலக்கைப் பக்கத்து லைட் சுவிட்ச், பிறகு இடக்கைப் பக்கத்து டிம்-பிரைட் சுவிட்ச், அதன் பிறகு பல்ப், கடைசியாகப் பச்சைக் கம்பி வழியாக எர்த் என்று அதன் பாதை முடிகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் ஆகியவைதான் பேட்டரியின் டி.சி. மின்சாரத்தில் இயங்குபவை. உங்கள் ஹாரன் நன்றாக அடிக்கிறது என்றால் பேட்டரியும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் ஹெட்லைட் மங்குவதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்து, வளைவில் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஒரே நேரத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன: ஹேண்டில் ஒடிகிறது, ஆக்சிலேட்டரைக் குறைப்பதால் எஞ்சின் வேகம் இறங்குகிறது, வளைவின் உட்புறம் சாலை பெயர்ந்திருந்தால் வண்டியும் குலுங்குகிறது. இவற்றில் எது விளக்கை அணைக்கிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது குருட்டாம்போக்குதான். ஆகவே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் ஹேண்டிலை மட்டும் மெல்ல இடப்புறம் முழுவதும் ஒடித்துப் பாருங்கள். விளக்கு அணைந்தால் டிம், பிரைட் இரண்டும் அணைகின்றனவா, மீட்டர் விளக்கும் சேர்ந்து அணைகிறதா, பின்னால் டெயில் லைட் எரிந்துகொண்டே இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். டெயில் லைட்டைப் பார்க்க ஓர் ஆள் வண்டிக்குப் பின்னால் நிற்பது நல்லது, ஏனென்றால் முழு விவரமும் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த வண்டியில் ஹெட்லைட் டூம், அதாவது விளக்கின் கூடு, ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புகிறது. ஹேண்டிலில் இருக்கும் இரண்டு சுவிட்சுகளும் அதனுடனேயே திரும்புகின்றன. எனவே சுவிட்சிலிருந்து டூமுக்குள் வரும் கம்பிகள், ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் மடங்குவதில்லை. சேசிஸிலிருந்து கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) ஓரமாக டூமுக்குள் நுழையும் கம்பிக்கட்டு மட்டுமே ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. அதில் விளக்குக்கு வேண்டியவை வரும் மஞ்சளும் போகும் பச்சையும்தான். மஞ்சள் அறுந்திருந்தால் ஹெட்லைட், மீட்டர் லைட், டெயில் லைட் அனைத்தும் ஒன்றாக அணைய வேண்டும். பச்சை அறுந்திருந்தால் முன்பக்கம் மட்டும் அணையும். டெயில் லைட்டுக்குப் பின்னால் தனி எர்த் இருப்பதால் அது எரிந்துகொண்டே இருக்கும்.

கோரிமேடு ஆசிரியர்:

பாலிடெக்னிக்கில் மின்னியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு கருத்தைச் சேர்க்க விரும்புகிறேன். பீப் ஒலி வந்ததால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்தது சரியல்ல. மல்டிமீட்டரின் பீப் சோதனை, சில பத்து ஓம் வரை மின்தடை இருந்தாலும் ஒலிக்கும். ஆனால் 35 வாட் பல்ப் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கிறது. அந்தப் பாதையில் அரை ஓம் மின்தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அளவுக்கு அங்கேயே தங்கிவிடும். அரை ஓமை மீட்டரின் ஓம் அளவில் நம்பிக்கையாகப் பார்க்கவும் முடியாது, ஏனெனில் மீட்டரின் இரு கம்பிகளுக்கே அதற்கு நெருக்கமான மின்தடை இருக்கக்கூடும். ஏழெட்டு இழைகளில் ஒன்றே ஒன்று அறுபடாமல் எஞ்சியிருக்கும் கம்பியும் பீப் ஒலியில் தேறிவிடும். பல்பை எரிய வைக்கும் மின்சாரம் ஓடும்போதுதான் அதன் குறை வெளிப்படும்.

எனவே பழுதைத் தேட வேண்டியது எஞ்சின் ஓடி, விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையில்தான். மீட்டரை ஏ.சி. வோல்ட் நிலைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். ஆர்.ஆர். யூனிட்டின் மஞ்சள் முனைக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு வருகிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு பல்பின் முனைக்கும் பல்பின் பச்சைக் கம்பிக்கும் இடையே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வழியில் எங்கேயோ சூடாக வீணாகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு சுவிட்சுக்கும் உள்ளே போகும் கம்பியில் ஒரு முனையையும் வெளியே வரும் கம்பியில் மறுமுனையையும் வைத்தால், அந்த சுவிட்ச் மட்டும் விழுங்கும் வோல்ட் நேரடியாகத் தெரிந்துவிடும். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மீட்டர் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். ஆர்.ஆர். யூனிட் வெட்டிக் கொடுக்கும் அலையைச் சாதாரண மீட்டர்கள் துல்லியமாகக் காட்டுவதில்லை என்பதால், எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படுத்துங்கள். தனி எண் ஒன்றை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

இந்தச் சில வோல்ட்டுகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. 12 வோல்ட்டுக்குரிய பல்புக்கு 10 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உங்கள் வண்டியில் நடப்பதும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாகலூர் வாசி:

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. தோட்டத்து டிரைவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நேற்று மாலை நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தோம்.

எஞ்சின் வேகத்தை மாற்றாமல் ஹேண்டிலை மட்டும் இடப்புறம் ஒடித்தபோது, முக்கால்வாசி திரும்பிய நிலையில் டிம், பிரைட் இரண்டும் அணைந்தன. மீட்டர் விளக்கும் அணைந்தது. டெயில் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அதே நிலையில் இண்டிகேட்டரைப் போட்டபோது, பின்பக்கத்து இண்டிகேட்டர் வழக்கம்போல் மின்ன, முன்பக்கத்தது மங்கலாக மின்னியது. ஹேண்டிலை நேராக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டன.

பிரைட்டில் வைத்து, ஆக்சிலேட்டரை நடுத்தரமாகப் பிடித்து, ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு எடுத்த அளவுகள் இவை. ஆர்.ஆர். யூனிட்டின் மஞ்சள் முனையில் 12.8 வோல்ட் இருந்தது. பல்பின் இரு முனைகளுக்கு இடையே 10.4 மட்டுமே இருந்தது. வலக்கை லைட் சுவிட்ச் 0.2 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. டிம்-பிரைட் சுவிட்ச் பிரைட்டில் 1.4 வோல்ட்டும் டிம்மில் 0.5 வோல்ட்டும் எடுத்துக்கொள்கிறது. பல்பின் பச்சைக் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.4 வோல்ட் காட்டியது. மீதியுள்ளது கனெக்டர்களிலும் கம்பிகளிலும் சிறிது சிறிதாகப் போகிறது. இதை வைத்து என்ன செய்ய வேண்டும்?

அம்மாபேட்டை எலக்ட்ரீஷியன்:

தம்பி, இவ்வளவு பொறுமையாக அளந்ததே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். உங்கள் வண்டியில் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பழுதுகள். இரண்டுமே வயதால் வந்தவை. முழு வயரிங் கிட் தேவையில்லை.

வளைவில் அணைவதற்குக் காரணம் கோன் செட் அருகே பச்சை எர்த் கம்பி உள்ளுக்குள் அறுந்திருப்பது. டெயில் லைட் எரிந்ததும் முன் இண்டிகேட்டர் மங்கியதும் அதற்குச் சான்று. நேராக இருக்கும்போதே 0.4 வோல்ட் அங்கே தங்குகிறது என்றால், சில இழைகள் மட்டுமே இப்போது சுமையைத் தாங்குகின்றன. பெட்ரோல் டேங்கைக் கழற்றி, கம்பிக்கட்டின் மேலுறையை அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கீறித் திறந்து, பச்சைக் கம்பியை விரலுக்கு விரல் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பர் போல நீண்டு, அவ்விடம் மெலியும். அங்கே வெட்டி உள்ளே பாருங்கள். தாமிரம் கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால், பளபளப்பான இழை தெரியும் வரை இருபுறமும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஏற்காட்டு மூடுபனியிலும் ஈரத்திலும் இத்தனை ஆண்டுகள் இருந்த வண்டிக்குக் களிம்பு உறைக்குள் நெடுந்தூரம் ஏறியிருக்க வாய்ப்புண்டு. அதன்மேலேயே ஈயம் வைத்தால் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரிந்தாலும் நிலைக்காது.

வெட்டிய இடத்தில் புதுக் கம்பித் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வண்டிக்கென்று விற்கும் பல்லிழைத் தாமிரக் கம்பியில் 1 சதுர மில்லிமீட்டர் போதும். வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பியை இங்கே போடவே கூடாது. சில நாள் மடக்கலிலேயே முறிந்துவிடும். இன்னொன்றையும் முக்கியமாகக் கவனியுங்கள்: ஈயம் வைத்த இடம் விறைத்துப்போகும் என்பதால், இணைப்பு மடங்கும் இடத்தில் வரக்கூடாது. அறுந்த இடத்துக்கு முன்னும் பின்னும், மடங்காத பகுதியில் இரண்டு இணைப்புகளாக வருமளவுக்குத் துண்டு நீளமாக இருக்கட்டும். ஒவ்வொரு இணைப்பின் மேலும் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டுங்கள். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பினால், எஞ்சின் சூட்டில் அதன் பசை இளகி ஓராண்டுக்குள் கழன்றுவிடும். உறையைத் திறந்த கையோடு பக்கத்தில் ஓடும் மஞ்சள் கம்பியையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரே வயது, ஒரே மடிப்பு, அதுவும் நாளை அறுந்துவிடக்கூடும். வெட்டும்போது நிறக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டூமுக்குள் இருக்கும் வெள்ளைக் கம்பி டிம்முக்குரியது, நீலம் பிரைட்டுக்குரியது, மேக்னெட்டிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்கு வரும் இன்னொரு வெள்ளைக் கம்பி பேட்டரி சார்ஜிங்குக்கானது.

மங்கலுக்கும் சூட்டுக்கும் காரணம் டிம்-பிரைட் சுவிட்ச். 1.4 வோல்ட் அங்கே தங்குகிறது என்றால் ஏறத்தாழ 4 வாட் வெப்பம் ஒரு கடுகளவு தொடுமுனையில் எழுகிறது. பிளாஸ்டிக் வாடை வந்ததும் அதனால்தான். சுவிட்ச் பெட்டியின் அடியில் உள்ள இரு திருகுகளைத் தலை தேயாதபடி பொருத்தமான திருப்புளியால் கழற்றுங்கள். கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். தள்ளுகட்டைக்கு அடியில் இருக்கும் சிறு ஸ்பிரிங்கும் குண்டும் தெறித்துப் போனால் தேடிப் பிடிப்பது கஷ்டம். உள்ளே மூன்று தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். பிரைட் முனை கறுத்திருந்தால், பழைய எண்ணெய்ப் பிசுக்கைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, மிக நைஸான உப்புத்தாளால் இரண்டு மூன்று முறை மட்டும் லேசாகத் தேய்த்து, வாசலினை மெல்லிய பூச்சாகத் தடவி மூடலாம். அழுத்தித் தேய்த்தால் தொடுமுனையின் மேற்பூச்சு போய்விடும். பிறகு முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கும். ஆனால் முனையைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகி, முனை ஆடினால் சுத்தம் செய்து பயனில்லை. புது சுவிட்சே போட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி பழைய வண்டி:

புது சுவிட்ச் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், அவற்றில் விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. ஆகவே கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல், கழற்றிய பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய்க் கம்பி நிறமும் கனெக்டரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.

என்னிடமும் இதே காலத்து வண்டி ஒன்று இருப்பதால் ஒன்று கேட்க விரும்புகிறேன். பழைய வயரிங்கோடு இவ்வளவு மல்லுக்கட்டுவதைவிட, அதிக வாட் பல்பையோ எல்.இ.டி. பல்பையோ போட்டுவிடுவது எளிதல்லவா? ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் துணை சுவிட்ச்) போட்டால் சுவிட்சில் சூடேறாது என்றும் சொல்கிறார்களே?

கோரிமேடு ஆசிரியர்:

இந்த வண்டிகளுக்கு அது பொருந்தாது. மேக்னெட் காயிலின் விளக்குச் சுற்று 35 வாட் பல்பையும் சில சிறு விளக்குகளையும் மட்டுமே கணக்கில் வைத்துச் சுற்றப்பட்டது. 100 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். காயிலால் அதைக் கொடுக்க இயலாது. வோல்ட்டேஜ் சரிந்து, பெரிய பல்ப் சிறிய பல்பைவிட மங்கலாகவே எரியும். மலையேறும்போது வளைவுகளில் எஞ்சின் வேகம் குறையும் அந்தக் கணத்தில், அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் கணத்தில்தான், அது அதிகமாக மங்கும். அதுவரை ஓடும் கூடுதல் மின்சாரம், ஏற்கெனவே கறுத்திருக்கும் சுவிட்சையும் ஹோல்டரையும் மேலும் உருக்கும்.

எல்.இ.டி. பல்ப் டி.சி. மின்சாரத்தை எதிர்பார்ப்பது, ஏ.சி.யில் நேரடியாக இணைத்தால் மினுமினுக்கும், அதற்கென்று வடிவமைக்காதவை சீக்கிரம் கெட்டும் போகும். பேட்டரிக்கு மாற்றலாமே என்றால், ஹெட்லைட்டின் சுமையைத் தாங்கும் அளவுக்கு இந்த வண்டியின் சார்ஜிங் சுற்று இல்லை; கிக்கர் வண்டியின் 2.5 ஆம்பியர்-மணி பேட்டரி 35 வாட் பல்பை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மேக்னெட் காயிலின் எர்த் முனையைப் பிரித்து, முழு அலையையும் டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் போடும் முறை ஒன்று உண்டு. காயிலைக் கழற்றிச் செய்யும் வேலை என்பதால் அனுபவம் உள்ளவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். சாதாரண டி.சி. ரிலேவை ஏ.சி. பாதையில் போட்டால் அது நிலையாக ஒட்டாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ரிலே வழியும் இங்கே அடைபட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இழை பல்பின் ஒளிப்புள்ளியை வைத்துச் செய்யப்பட்ட பழைய ரிஃப்ளெக்டரில் வேறு வடிவ எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி கண்டபடி சிதறும். எதிரே மலையிறங்கி வரும் பேருந்து ஓட்டுநரின் கண் அதனால் கூசினால், பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கும் நமக்குத்தான் ஆபத்து. மூடுபனியிலும் இதே பிரச்சினைதான்: பனித்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் பனியில் பிரைட்டைவிட டிம்மில் சாலை தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பாதைக்கு, கம்பெனி கொடுத்த 35 வாட் பல்புக்கு முழு வோல்ட்டேஜும் போய்ச் சேர்ந்தாலே போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

நாகலூர் வாசி:

வேலையை முடித்துவிட்டேன். அண்ணா சொன்ன இடத்திலேயே, கோன் செட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பச்சைக் கம்பி நீண்டது. வெட்டிப் பார்த்தபோது இரண்டு இழைகள் மட்டுமே தொடர்ந்து ஓடின. மற்றவை முறிந்து, முனைகள் தூளாக உதிர்ந்தன. களிம்பு டூம் பக்கமாக ஏறியிருந்ததால் அந்தப் பக்கம் சற்று அதிகமாகவே வெட்ட வேண்டியிருந்தது. மஞ்சளில் அறுபடல் இல்லை.

டிம்-பிரைட் சுவிட்சில் பிரைட் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே இறங்கியிருந்தது. தள்ளுகட்டையின் தாமிரத் தகடு அதை விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் சுத்தம் செய்யாமல் புது சுவிட்சே போட்டுவிட்டேன். பழையதைக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. முதலில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் கனெக்டர் வேறாக இருந்தது.

இப்போது மஞ்சள் முனையில் அதே 12.8 வோல்ட் இருக்கும்போது பல்பில் 12.3 கிடைக்கிறது. ஹேண்டிலை எந்தப் பக்கம் முழுவதும் ஒடித்தாலும் விளக்கு அசைவதில்லை. ஆனால் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கினால் மஞ்சள் முனையில் 16 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது. பல்ப் பீஸ் போவதற்கு இதுதான் காரணமா? ஆர்.ஆர். யூனிட் புதியது என்பதால் குழப்பமாக இருக்கிறது.

அம்மாபேட்டை எலக்ட்ரீஷியன்:

அதுவேதான் காரணம், தம்பி. நீங்கள் மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடிக்க விட்டு இறங்குவீர்கள். அப்போது எஞ்சின் வேகம் ஏறி, மேக்னெட் அதிக வோல்ட் தள்ளுகிறது. ஆர்.ஆர். யூனிட் மிகுதியாக வரும் மின்சாரத்தை எர்த்தில் இறக்கித்தான் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. அதன் எர்த் சரியில்லை என்றால் யூனிட் எவ்வளவு புதியதாக இருந்தாலும் பயனில்லை. பல்புக்கு ஐந்து சதவீதம் அதிக வோல்ட் போனாலே அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 16 வோல்ட் என்பது அதற்கெல்லாம் மேலே.

எஞ்சின் வேகமாக ஓடும்போது ஆர்.ஆர். யூனிட்டின் பச்சை முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் குறை. யூனிட்டை மாற்றியபோது அதன் போல்ட்டைப் பெயின்ட் அடித்த சேசிஸ் மேலேயே முறுக்கியிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் இரும்பு தெரியுமளவுக்குச் சுரண்டி, பல்வாஷர் வைத்து முறுக்குங்கள். பிறகு ஈரம் படாமலிருக்க மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் சுத்தமாகியும் வோல்ட் இறங்காவிட்டால், யூனிட்டே மட்டமானது என்று வைத்துக்கொண்டு வேறு நல்லதைப் போட வேண்டும்.

நாகலூர் வாசி:

பச்சை முனையில் 1.9 வோல்ட் காட்டியது, அண்ணா. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் கெட்டியாக அப்படியே இருந்தது. சுரண்டி, பல்வாஷர் போட்டு முறுக்கிய பிறகு பச்சை முனையில் 0.1 வோல்ட்தான் வருகிறது. முழு ஆக்சிலேட்டரில் மஞ்சள் முனை 14 வோல்ட்டைத் தாண்டவில்லை. நேற்று இரவு அடிவாரத்திலிருந்து மேலே வரை பனியில் டிம்மிலேயே வந்தேன். ஓரத்து வெள்ளைக்கோடு வளைவு முழுவதும் தெரிந்தது. ஆனால் பனி விலகிய நேரான இடங்களில் வெளிச்சம் மரக்கிளைகளில் விழுவது போலத் தெரிகிறது. முன்பு மங்கலாக இருந்ததால் இது கண்ணில் படவில்லை.

அம்மாபேட்டை எலக்ட்ரீஷியன்:

டூமைக் கழற்றி மாட்டியபோது அதன் கோணம் மாறியிருக்கும், தம்பி. சமதளத்தில், ஒரு சுவருக்கு எதிரே பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி டிம்மில் வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி அந்த அளவுக்கு டூமைத் தாழ்த்தி முறுக்கிவிடுங்கள். பின்னால் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும் என்பதால், வழக்கமாக இருவர் போவதாக இருந்தால் அவரையும் உட்கார வைத்தே இதைச் செய்யுங்கள்.